நாலு செக்கன்

பொரளை. மூன்றாம் மாடி.
ஏசி இரைச்சலுக்குள் ஓர் இருட்டுப் பெட்டி.
பதினேழாம் எலி மூக்கை நீட்டி நிற்கிறது.
அதன் இடப்பக்க மீசையை
மெல்லிய கம்பியொன்று உதறுகிறது, அரைச் செக்கன்.
பிறகு ஒன்றுமில்லை.
நாலு செக்கன் ஒன்றுமில்லை.
பிறகு இன்னோர் உதறல்.

எது பலம், முந்தியதா பிந்தியதா?
முந்தியதென்றால் இடக்குழாயை நக்கவேண்டும்,
பிந்தியதென்றால் வலம்.
சரியானால் ஒரு துளி சீனித்தண்ணி.
பிழையானால் விளக்கு எரியும், துளி இல்லை.
இதை ஒரு நாளைக்கு முந்நூறு தடவை.
சந்துனி திரையைப் பார்ப்பாள்.
நான் எலியைப் பார்ப்பேன்.

மீசை ஒவ்வொன்றுக்கும் மூளையில் ஒரு பீப்பாய் உண்டு,
எள்ளைப் பத்தாய் நறுக்கினால் வரும் துண்டளவு.
கம்பி தொட்டதும் அது கொதிக்கும்,
விட்டதும் அடங்கும்.
அப்படியென்றால் அந்த நாலு செக்கனும்
முதல் உதறல் எங்கே குடியிருந்தது?

'ஓரிடத்தில் இல்லை' என்கிறாள் சந்துனி.
நூறாம் இலக்க பஸ்ஸில் பின் சீட்டுக்காரர் நீட்டிய காசு
தோளுக்கு மேலால், இடுக்குக்குள்ளால்,
முகம் தெரியாத ஏழெட்டுக் கை மாறி
கொண்டக்டரிடம் போகுமே, அப்படி.
யாரும் வைத்திருப்பதில்லை.
ஆனாலும் காசு தொலைவதில்லை.

தொலைவதில்லை, சரி.
தேய்கிறதே.
எலி கண்டபடி பிழை விடுவதில்லை.
காத்திருக்கும்போது முதல் உதறல் மெல்லச் சறுக்குகிறது,
நேற்றும் முந்தாநாளும் பட்ட உதறல்கள் எல்லாவற்றின்
நடுவை நோக்கி.
மெல்லியது கொஞ்சம் தடிக்கும்.
முரடானது கொஞ்சம் தணியும்.
உச்சிக்குப் பின்னால் உள்ள ஒரு திட்டின் வாயை
ஒளியால் அடைத்துப் பார்த்திருக்கிறார்கள்.
பழைய நாள்கள் தலையிடாத எலி
நன்றாகக் கணக்குச் சொல்லிற்றாம்.

சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போனேன்.
சந்துனியின் கலியாணத்துக்கு எடுத்த ரவிக்கைத் துணி
கைக்குப் போதவில்லை, இன்னும் அரை மீற்றர் வேண்டும்.
வெட்டுத்துண்டு அயன் மேசையிலேயே கிடந்துவிட்டது
வெள்ளவத்தையில்.
பரவாயில்லை, காலையில் தடவிப் பார்த்தேன்தானே.

ரிஸ்மியின் கடையில் நிற்கும்போது கரண்ட் போனது.
அவர் டோர்ச் தேடினார்.
நான் இருட்டில் விரலை ஓட்டினேன்:
சன்னம், ஓரத்தில் ஒரு சிறு முரடு,
நகத்தில் மாட்டும் ஒற்றை இழை.
இதுதானோ?
அடுத்த கடையில் இன்னொன்று இருக்கிறதென்றார்.
நாலு கடை தள்ளி.
நடுவில் நாட்டாமியின் தள்ளுவண்டி,
'பாற, பாற' என்ற கத்தல்,
கழுத்தில் ஒரு தூறல்துளி, அன்னாசித் துண்டில் மிளகாய்த்தூள் வாசம்,
நாரி முட்டிய யாரோ ஒரு பை.
விரல்நுனியை மூடிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்,
உள்ளே ஏதோ சிந்திவிடும் போல.

இரண்டாவது துணியைத் தொட்டபோது
முதலாவது இல்லை.
இருந்தது நான் இதுவரை தொட்ட துணியெல்லாம்:
பள்ளிக்கூட வெள்ளை, ஆஸ்பத்திரிப் போர்வை,
பிரிந்துபோனவனின் சட்டைக் கொலர்,
ஆய்வுகூடக் கையுறை.
எல்லாம் சேர்ந்து ஒரு சராசரித் துணி.
அதற்குத்தான் பொருந்தியது இது.
காசு கொடுத்தேன்.

வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.
குருடனுக்கும் தெரியும் வித்தியாசம் என்று எழுத வந்தேன்.
குருடனுக்குத்தான் முதலில் தெரியும்.

திங்கள். பெட்டி. உதறல்.
நாலு செக்கன்.
அந்த நாலுக்குள் அதன் மீசை ஆடவேயில்லை,
என் மூடிய விரல்களைப் போல.
மற்ற உதறல்.
பதினேழு தயங்கியது, வலத்தை நக்கியது.
பிழை.

சந்துனி அழைப்பிதழ் எண்ணிக்கொண்டிருந்தாள்.
நான் கையால் வால்வைத் திறந்தேன்.
ஒரு துளி.
பதிவேட்டில் எழுதவில்லை.